கீழ்வயல் யார் பேரில்

ஜூன் 6

தங்கச்சிக்கு,

நீ நல்லாத்தான் இருப்பே, அதனால கேக்கல. இங்க நானும் உன் அண்ணியும் இருக்கோம், மாடு ரெண்டும் இருக்கு.

போன்ல பேசினா நாலாவது வார்த்தையில நீ குரலை உசத்துறே, அஞ்சாவதுல நான் கத்துறேன், ஆறாவதுல யாராவது ஒருத்தர் வெச்சிடறோம். போன தடவை வெச்சது நீ. அதனால எழுதறேன். எழுதும்போது நடுவுல யாரும் பேச முடியாது பாரு.

விஷயம் இதுதான். நேத்து உரச் சீட்டு வாங்க விவசாய ஆபீஸுக்குப் போனேன். வாசல் பக்கத்துச் சுவத்துல பயிர் மானியப் பட்டியல் ஒட்டியிருந்தாங்க. நாலு தாள், பசை இன்னும் காயல. மேல்வயலுக்காக நான் பார்க்கல. வாய்க்கால் பாயுற நிலத்துக்கு மட்டுந்தான் இந்த வருஷம் மானியம், மேல்வயலுக்குக் கிடையாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. கீழ்வயலுக்கு எப்படியும் வரும்னு தெரியும், விதைப்பைப் பதிவு பண்ணினதே நான்தான். என் பேரைத் தேடிக்கிட்டே விரலை வெச்சு இறக்கிட்டு வந்தேன். முப்பத்தொண்ணாவது வரியில விரல் நின்னுடுச்சு. உன் பேரு. கூடவே அப்பா பேரு. கீழ்வயல், மூணு ஏக்கர், மக்காச்சோளம். முதல் தவணை செலுத்தப்பட்டது.

உள்ள போய்க் கேட்டேன். "நிலம் யார் பேர்ல இருக்கோ அவங்க கணக்குக்குத் தானாப் போயிடும் சார்"னு அந்த ஆளு தலையைக் கூடத் தூக்காம சொன்னான். "விதைச்சது நான்"னேன். "சந்தோஷம் சார்"னான்.

டீக்கடையில விஷயம் எனக்கு முன்னாடி போய் உட்கார்ந்திருக்கு. "பண்ணையாரம்மாவோட அண்ணன் வர்றாரு, நல்லா ஸ்ட்ராங்கா ஒரு டீ போடு"ங்கறான் கடைக்காரன். எல்லாரும் சிரிக்கறாங்க. "உன் தங்கச்சி குடுத்து வெச்சவப்பா, ஊர்ல கூட இல்ல, பணம் தேடிட்டுப் போகுது"ன்னு ஒருத்தர். நான் டீயைப் பாதியில வெச்சுட்டு வந்துட்டேன்.

உனக்கு மாசம் பொறந்தா சம்பளம். கண்ணாடிக் கடையில ஃபேன் காத்துல உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிற வேலை. உன் வீட்டுக்காரருக்கு பஸ் ஓட்டுற வேலை, அதுவும் கம்பெனி வேலை. வெயில் உங்க ரெண்டு பேரையும் எங்க பார்த்திருக்கு? எனக்கு மழை வந்தாலும் நஷ்டம், வராட்டியும் நஷ்டம்.

பணத்தை அனுப்புன்னு நான் கேக்கல. உன் அண்ணி கேக்கச் சொன்னா. நான் கேக்கல. நீயா நினைச்சுச் செஞ்சா அது வேற.

அண்ணன்


ஜூன் 14

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

உங்க கடிதம் கடை விலாசத்துக்கு வந்தது. நாங்க வீடு மாறி மூணு வருஷம் ஆச்சு, அந்த விலாசம் உங்ககிட்ட இல்லைங்கறது அப்போதான் எனக்கு உறைச்சுது. நீங்க கேட்டதில்லை. நானும் சொல்லல.

முதல்ல ஃபேன் விஷயம். நான் வேலை செய்யற இடம் கடையோட பின் ரூம். ஆறடிக்கு எட்டடி, ஜன்னல் கிடையாது. லென்ஸோட ஓரத்தைத் தேய்க்கிற சக்கரம் நாள் முழுக்க சுத்தும், அது தெறிக்கிற வெள்ளைத் தண்ணி முழங்கை வரைக்கும் காய்ஞ்சு ஒட்டியிருக்கும். தூசி பறந்து லென்ஸ்ல கீறல் விழுதுன்னு முதலாளி ஃபேனை ரெண்டு வருஷம் முன்னாடியே கழட்டிட்டார். கொக்கி மட்டும் தொங்குது. தெரியாம எழுதிட்டீங்க, பரவாயில்லை.

பணம் வந்ததா போன்ல செய்தி வந்தப்போ ஏதோ ஏமாத்து வேலைன்னு அழிச்சுட்டேன். பேங்க்ல போய்க் கேட்ட பிறகுதான் நம்பினேன்.

இப்போ நான் ஒண்ணு கேக்கறேன். பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி, என் கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது அப்பா நிலத்தைப் பிரிச்சு எழுதினாரே, அன்னைக்கு எனக்கு என்ன வந்தது? மேல்வயல் உங்களுக்கு. கிணறு, மோட்டார், வீட்டுப் பக்கம், எதைப் போட்டாலும் வர்ற மண்ணு. எனக்குக் கீழ்வயல். வாய்க்கால் கசிஞ்சு உப்புப் பூத்துக் கிடந்த நிலம். கோடையில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா இருக்கும், மழையில முழங்கால் சேறு. ஆடு கூட அந்தப் பக்கம் திரும்பாது. பத்திர ஆபீஸ் வாசல்ல எல்லார் முன்னாடியும் நீங்க சொன்னீங்க, "உனக்கென்ன, உப்பு வியாபாரமே பண்ணலாம்"னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கல்யாணம் ஆகப்போற பொண்ணு, சிரிக்காம என்ன பண்றது?

அதுக்கப்புறம் அந்த நிலத்தைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா? உழப்போறேன்னு கேட்டீங்களா? விளைஞ்சுதுன்னு சொன்னீங்களா? பட்டியல்ல பேரைப் பார்த்ததும்தான் தங்கச்சி ஞாபகம் வந்திருக்கு.

அப்பாவோட கடைசி நாலு வருஷம் உங்களுக்குத்தான் கிடைச்சுது. காலையில கண்ணு முழிச்சதும் அவர் கூப்பிட்டது உங்களை. நான் வந்து நின்ன ரெண்டு தடவையும், "எப்போ கிளம்பறே?"ன்னுதான் கேட்டார். வீடு, மாடு, மரம், அவர் நாற்காலி, எல்லாம் உங்ககிட்ட. என் பேர்ல இருக்கிறது ஒரு வரி. அதுவும் உங்க கண்ணை உறுத்துது.

பணம் அனுப்பறதா இல்லை.

ஒரு உதவி. அந்தத் தாள் இன்னும் சுவத்துல இருந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அப்பா பேரும் என் பேரும் ஒரே வரியில அச்சாகி நான் பார்த்ததில்லை.

தங்கை


ஜூன் 29

தங்கச்சிக்கு,

பொறந்ததுல இருந்து வாடா போடான்னு பேசின வாய், கடிதத்துல 'நீங்க' ஆயிடுச்சு. சுருக்குனு தைக்கணும்னு எழுதினே. தைச்சுது. இனிமே வேண்டாம்.

போட்டோ கேட்டிருந்தே. என் போன்ல கேமரா சரியில்லை.

உப்பு பூத்த நிலம்னு எழுதினியே, அந்த உப்பு எங்க போச்சுன்னு ஒரு வரி கேட்டியா? காத்துல பறந்து போகல. முதல் வருஷம் நாலு வடிகால் வெட்டினேன். நெஞ்சளவு ஆழம், இந்தக் கோடியில இருந்து ஓடை வரைக்கும். ஆளு வெச்சு வெட்ட வசதியில்லை, நானும் உன் அண்ணியும்தான் வெட்டினோம். அவ மண்ணை அள்ளிப் போடுவா, நான் உள்ள நின்னு வெட்டுவேன். அப்புறம் லாரி லாரியா ஜிப்சம், உப்பைக் கழட்டுற தூள். கொட்டணும், உழணும், தண்ணியைக் கட்டி நிறுத்தணும், உப்பு கரைஞ்சதும் திறந்து விடணும். மறுபடியும் கட்டணும். மூணு மழைக்காலம் இப்படியே போச்சு, ஒரு மணி தானியம் வரல. நாலாவது வருஷம் முழங்கால் உயரத்துல மஞ்சளா ஏதோ நின்னுச்சு. அதைப் பார்த்து நாங்க ரெண்டு பேரும் வரப்புல உட்கார்ந்து சிரிச்சோம், பைத்தியம் பிடிச்ச மாதிரி. இப்போ ஏக்கருக்கு எட்டு கிலோ வீரிய விதை, ஏப்ரல் கடைசி வாரம் விதைச்சேன், ரோட்டுல போறவங்க வண்டியை நிறுத்திப் பார்க்கறாங்க. என் முதுகு அந்த மண்ணுக்குள்ளதான் கிடக்கு. பட்டியல்ல உன் பேரு.

முடிவாச் சொல்றேன். இந்த அறுவடையோட சரி. அடுத்த பருவத்துக்கு நான் கீழ்வயல்ல கால் வைக்க மாட்டேன். உன் வயல், நீயே வந்து விதைச்சுக்கோ. லென்ஸ் தேய்ச்ச கைக்கு மண்வெட்டி எப்படி இருக்குன்னு பார்க்கலாம்.

இன்னொண்ணு. எழுதலாமா விட்டுடலாமான்னு ஒம்போது நாளா யோசிச்சேன். இருபதாம் தேதி உன் பேருக்கு ஆபீஸ்ல இருந்து இங்க ஒரு நோட்டீஸ் வந்துச்சு. ஜூலை ஒம்போதாம் தேதி காலையில வயலைப் பார்க்க வர்றாங்க. சொந்தக்காரர் அடையாள அட்டையோட நேர்ல வந்து, பயிருக்குள்ள நின்னு போட்டோ எடுத்துக்கணும். வரலைன்னா ரெண்டாவது தவணை கிடையாது, முதல் தவணையையும் திருப்பிக் கட்டணும்.

சொல்லாம விட்டிருந்தா உனக்கு வந்தது போயிருக்கும். எனக்கு ஒரு காசு நஷ்டமில்லை. இருந்தாலும் எழுதறேன். நல்லவன்னு நினைச்சுக்காதே. நோட்டீஸை மாட்டுக் கொட்டகையில செருகி வெச்சிருந்தேன், உன் அண்ணி எடுத்துப் படிச்சுட்டா.

அண்ணன்


ஜூலை 4

அண்ணா,

கடிதம் இன்னைக்குத்தான் கிடைச்சுது. லீவு கேட்டு வாங்கிட்டேன். ஒம்போதாம் தேதி முதல் பஸ்ல வந்து இறங்கி நேரா வயலுக்கு வர்றேன். சாயங்கால பஸ்ல திரும்பிடுவேன். அண்ணி எனக்காக ஒண்ணும் செய்ய வேண்டாம்.

அந்த நோட்டீஸைக் கையோட கொண்டு வா.


ஜூலை 13

தங்கச்சிக்கு,

நாலு நாளா இதை மனசுக்குள்ளயே எழுதிட்டு இருக்கேன். மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது கூட வாய் தானா பேசுதுன்னு உன் அண்ணி சொல்றா.

அன்னைக்கு நடந்ததை நான் பார்த்த மாதிரி எழுதறேன். நீ பார்த்தது வேற மாதிரி இருக்கலாம்.

அதிகாரி சின்ன வயசுப் பொண்ணு. முழங்கால் வரைக்கும் பூட்ஸ், கையில டேப்லெட். நீ கடைக்குப் போட்டுட்டுப் போற செருப்போட வரப்புல நடந்தே. நான் பின்னாடி வந்தேன். என்ன விதைன்னு அது கேட்டுச்சு. நான் வாயைத் திறந்தேன். "நீங்க இருங்க, அம்மாவைத்தான் கேக்கறேன்"னு சொல்லிடுச்சு.

"வீரிய விதை. ஏக்கருக்கு எட்டு கிலோ"ன்னே நீ.

"எப்போ விதைச்சீங்க?"

"ஏப்ரல் கடைசி வாரம்."

"இங்க உப்பு இருந்ததா ரெக்கார்டு சொல்லுதே. வடிகால் இருக்கா?"

"நாலு இருக்கு. நெஞ்சளவு ஆழம். ஓடையில போய்ச் சேருது."

நெஞ்சளவு. யார் நெஞ்சு? எல்லாம் நான் கோவத்துல உனக்கு எழுதினது. பாடம் மாதிரி ஒப்பிச்சே. அந்தப் பொண்ணு மூஞ்சியில அப்படி ஒரு மரியாதை. "சூப்பரா மெயின்டெய்ன் பண்றீங்கம்மா"ன்னுச்சு. நீ தலையாட்டினே. கொஞ்சம் கூட நாக்கு குழறல உனக்கு.

அப்புறம் என்னைக் காட்டி, "அது யாரு?"ன்னு கேட்டுச்சு. நீ திரும்பிக் கூடப் பார்க்கல. "வயல்ல வேலைக்கு வர்றவர்"னு சொன்னே.

உன் அண்ணி அப்போதான் தண்ணிச் சொம்போட வந்துட்டு இருந்தா. காதுல விழுந்துடுச்சு. சொம்பை வரப்புல வெச்சுட்டு வந்த வழியே போயிட்டா.

போட்டோ எடுக்கும்போது, "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோங்க, உங்க நிழல் அம்மா மேல விழுது"ன்னுச்சு. அன்னைக்கு என்னை அண்ணேன்னு கூப்பிட்டது அந்தப் பொண்ணு ஒண்ணுதான். நான் தள்ளி நின்னேன். இன்னும் கொஞ்சம்னுச்சு. தள்ளி நிக்க இடமில்லை, வடிகால்ல இறங்கி நின்னேன். நான் வெட்டின வடிகால். அதுக்குள்ள நின்னு பார்த்தா நீ பயிருக்கு நடுவுல நிமிர்ந்து நிக்கறே, வெயில் மூஞ்சியில அடிக்குது, கண்ணைச் சுருக்காம சிரிக்கறே. அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கல. மானியம் போனா போகுதுடான்னு இருந்துச்சு. அந்த இடத்துல நிக்கிற ஆளு நானா இருந்திருக்கணும்.

எதுக்கு அப்படிச் சொன்னேன்னு மட்டும் எழுது. வேற ஒண்ணும் வேண்டாம்.

அண்ணன்


ஜூலை 24

அண்ணா,

காரணம் சொல்றேன். பஸ்ல வரும்போது மானிய விதிகளைப் போன்ல தேடி எடுத்து மூணு தடவை படிச்சேன். சொந்தக்காரர் ஒருத்தரும் பயிர் செய்யறவர் வேற ஒருத்தருமா இருந்து, ரெண்டு பேருக்கும் நடுவுல பதிவு பண்ணின குத்தகைத் தாள் இல்லைன்னா மானியம் ரத்து. உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. என் அண்ணன், அவர்தான் பயிர் வெக்கிறார்னு நான் சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு பட்டியல்ல இருந்து என் பேரை அங்கேயே அடிச்சிருக்கும். அதனாலதான் சொன்னேன்.

இவ்வளவோட நிறுத்தியிருந்தா நல்லாயிருக்கும். ஆனா முழுசும் அதுதான் காரணம்னு எழுதினா பொய். வேலைக்கு வர்றவர்னு சொல்லும்போது உள்ளுக்குள்ள ஒரு குளுகுளுப்பு இருந்தது. ஒரு நிமிஷம். பத்திர ஆபீஸ் வாசல்ல எல்லாரும் சிரிச்சாங்களே, அதுக்குப் பதில் சொன்ன மாதிரி. நீ வடிகால்ல இறங்கி நின்னது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது, நான் கேமராவைப் பார்த்துட்டு இருந்தேன். தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னும் சொல்லத் தெரியல.

அண்ணிக்கு நான் தனியா எழுதறேன். அது உன்கிட்ட சொல்லி அனுப்பற விஷயம் இல்லை.

என் சிரிப்பு உனக்குப் பொறுக்கலைன்னு எழுதினே. எனக்குப் பொறுக்காதது என்னன்னு நான் சொல்லட்டுமா? அந்தப் பயிர். தோள் வரைக்கும் வந்து உரசுது. உள்ள நடந்தா காத்து சலசலன்னு காதுகிட்ட வந்து பேசுது. இத்தனை வருஷமா அது என் பேர்ல இருந்திருக்கு, ஒரு நாள் கூட நான் அதுக்குள்ள நின்னதில்லை. நீ தினமும் காலையில எழுந்து அங்க போறே. எந்தச் செடி எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியும். எனக்கு பின் ரூமும் டியூப் லைட்டும். பஸ்ல திரும்பி வரும்போது உன் மேல வந்த ஆத்திரத்துல அழுதேன், பக்கத்து சீட்டு அம்மா ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தாங்க.

பணத்தை நான் செலவு பண்ணிட்டு இருக்கேன்னு நீ நினைச்சுட்டு இருப்பே. ஒரு பைசா எடுக்கல. மதியம் சாப்பாட்டு நேரத்துல பேங்க் பக்கம் போனா கணக்கைப் பார்த்துட்டு வருவேன். அவ்வளவுதான்.

அந்தக் குத்தகைத் தாளைப் பத்தியும் விசாரிச்சேன். நான் கையெழுத்துப் போட்டா மானியம் உழறவனுக்கே வரும், அதாவது உனக்கு. ஆனா எனக்குப் பயமா இருக்கு. போட்டுட்டா அந்த வரியும் போயிடும்.

போடறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும். நிலத்தைப் பிரிச்சு எழுதின அன்னைக்கு நான் வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். உள்ள நீ, அப்பா, பத்திரம் எழுதறவர். அரை மணி நேரம் ஆச்சு. அப்பா எனக்கு ஏன் உப்பு நிலத்தை எழுதினார்? என் மேல அவருக்கு என்ன கோவம்? இதை நான் அவர்கிட்டயே கேட்டிருக்கணும். பயந்துட்டேன்.

தங்கை


ஆகஸ்ட் 11

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து ரெண்டு வாரம் ஆச்சு. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது வேலை வந்துடுச்சு. வேலை வரலைன்னாலும் நானா தேடிப் போனேன். நல்லா இருந்த கொட்டகைக் கூரையைப் பிரிச்சு மறுபடியும் வேய்ஞ்சேன்.

முதல்ல, என் போன்ல கேமரா நல்லாத்தான் இருக்கு. தாளைப் போட்டோ எடுக்க மனசு வரல. இப்போ மழையில கிழிஞ்சு போச்சு.

அப்பாவுக்கு உன் மேல கோவம் கிடையாது. உள்ள போனதும் அவர் சொன்னது இதுதான்: "ரெண்டு வயலையும் நடுவுல கோடு போட்டுப் பிரிச்சிடுங்க. மேலயும் ஆளுக்குப் பாதி, கீழயும் ஆளுக்குப் பாதி. நல்லதும் கெட்டதும் ரெண்டு பேருக்கும் இருக்கட்டும்." பத்திரம் எழுதறவர் பேனாவைத் திறந்துட்டார்.

நான்தான் குறுக்க பேசினேன். "அவ கல்யாணம் ஆகிப் போகப்போறா. வருஷத்துல ரெண்டு நாள் வருவாளோ மாட்டாளோ. நல்ல நிலத்தை எதுக்கு வெட்டித் துண்டு போடணும்? மேல்வயலை முழுசா எனக்குக் குடுங்க, கீழ்வயலை அவ பேர்ல எழுதிடுங்க. மூணும் மூணும் சரியாப் போச்சு"ன்னேன். அப்பா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தார். எழுதறவர் பேனாவை மூடிட்டு மறுபடியும் திறந்தார். "அவன் சொல்ற மாதிரியே எழுதுங்க, நாளைக்கு என்னைப் பார்த்துக்கப் போறது அவன்தான்"னார் அப்பா. அவ்வளவுதான் நடந்துச்சு.

வெளிய வந்து உப்பு வியாபாரம்னு சொன்னது, நான் பண்ணினதை நானே சிரிப்பா மாத்திக்கத்தான்.

உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு சின்ன வயசுல இருந்து இருக்கு. உனக்குத் தெரியுமா, அப்பா நீ கூப்பிட்டா ஏரைப் பாதியில விட்டுட்டு வருவார். நான் கூப்பிட்டா "இருடா"ன்னுவார். நீ ஜுரத்துல படுத்தா அவர் சாப்பிட மாட்டார். நான் மரத்துல இருந்து விழுந்து கையை உடைச்சுட்டு வந்தப்போ, "கவனமா ஏற மாட்டியா?"ன்னு ஒரு அறை. உன்னை அவர் தோள்ல தூக்கிட்டுப் போறதைப் பின்னாடி நடந்து பார்த்துட்டே வளர்ந்தவன் நான். அந்த ரூம்ல ஒரே ஒரு நாள் என் சொல்லு நடந்துச்சு. நடந்த உடனே எனக்கு வெட்கமா இருந்துச்சு, விட்டுக் குடுக்கவும் மனசு இல்லை.

வடிகால் வெட்டினது எதுக்குன்னு நான் உனக்கு எழுதின கடிதத்துல எழுதல. முதல் வருஷம் வெட்கத்துல வெட்டினேன். நிலத்தைச் சரி பண்ணி உன்கிட்ட காட்டணும், அப்புறம் சொல்லணும்னு. நாலாவது வருஷம் பயிர் நின்னதும் காட்டத் தோணல. என்னுதுன்னு ஆயிடுச்சு. உன்கிட்ட ஒரு வார்த்தை பேசாததுக்குக் காரணம் அதுதான்.

அப்பா கடைசி வரைக்கும் கீழ்வயலுக்கு வரல. மேல இருந்து பார்ப்பார், திரும்பிடுவார். நீ வந்தப்போ "எப்போ கிளம்பறே?"ன்னு கேட்டது உன்னைத் துரத்த இல்லை. நீ இருந்தா உன் மூஞ்சியைப் பார்க்கணும், அது அவரால முடியல.

குத்தகைத் தாள்ல கையெழுத்துப் போடாதே. நான் கேக்கல. இந்தத் தடவை நெசமாவே கேக்கல.

அண்ணன்


செப்டம்பர் 14

தங்கச்சிக்கு,

பதில் வரல. அண்ணிக்கு மட்டும் எழுதியிருக்கே. காட்ட மாட்டேங்கறா.

அறுவடை முடிஞ்சுது. கீழ்வயல் விளைச்சலை விக்காம தனியா வெச்சிருக்கேன். என்ன பண்ணணும்னு சொல்லு.


அக்டோபர் 5

அண்ணா,

உனக்கு எழுதி எழுதிக் கிழிச்சேன். ஒரு கடிதத்துல உன்னைத் திட்டினேன், இன்னொண்ணுல அப்பாவை. கடை முதலாளி, "லென்ஸை விட பேப்பர்தான் அதிகமா உடையுது"ன்னார்.

மன்னிச்சுட்டேன்னு எழுத வரல. வந்தா எழுதறேன். அப்பாவுக்கு நான்தான் செல்லம்னு நீ எழுதினதைப் படிச்சதும் முதல்ல எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். அப்புறம்தான் கோவம். நீ பார்த்துப் பார்த்துப் பொறாமைப்பட்டது எனக்குக் கிடைச்சதுன்னே எனக்குத் தெரியாம இருந்திருக்கேன்.

நான் என்ன பண்ணினேன்னு சொல்றேன். போன வாரம் லீவு போட்டுட்டு விவசாய ஆபீஸுக்குப் போனேன். உன் வீட்டுப் பக்கம் வரல. அதே பொண்ணு மேஜையில இருந்தது. "அன்னைக்கு வேலைக்கு வர்றவர்னு ஒருத்தரைச் சொன்னேனே, அவர் என் அண்ணன். பயிர் மொத்தமும் அவருது. உப்பைப் போக்கினதும் அவர்தான்"னு சொன்னேன்.

அது டேப்லெட்டைக் கீழ வெச்சுட்டு என்னையே பார்த்தது. "ஏம்மா, ரெண்டாவது தவணை நாளைக்குப் போகப்போகுது. இன்னைக்கு வந்து சொல்றீங்களே?"

"அதான் இன்னைக்கு வந்தேன்"னேன்.

நானா வந்து சொன்னதால கேஸ் எதுவும் போட மாட்டேன், ஆனா முதல் தவணையைத் திருப்பிக் கட்டிடணும்னு சொன்னது. கட்டிட்டேன். எடுக்காத பணம்தானே. ரெண்டாவது தவணை வராது. உன் முதுகுக்கு வர வேண்டியதும் அதோட போச்சு, அதுக்கு என்னைத் திட்டிக்கோ. தனியா வெச்சிருக்கிற விளைச்சலை நீயே வித்து எடுத்துக்கோ.

இப்போ நான் கேக்கறது. அப்பா முதல்ல சொன்ன கோட்டைப் போடணும். ரெண்டு வயலையும் நடுவுல பிரிக்கணும். மேல்வயல்ல பாதி எனக்கு, கீழ்வயல்ல பாதி உனக்கு. உன் பாதிக்கு உன் பேரே பட்டியல்ல வரும். என் பாதியை நீ உழு. வருஷா வருஷம் நான் குத்தகைத் தாள்ல கையெழுத்துப் போடறேன், மானியம் உனக்கு, விளைச்சல்ல மூணுல ஒரு பங்கு எனக்கு. ஒரு வருஷம் எனக்குப் பிடிக்கலைன்னா போட மாட்டேன். அது என் இஷ்டம்.

நல்ல நிலம்னு நீ பிடிச்சு வெச்ச மேல்வயலை வெட்டணும். நீ செஞ்சு குடுத்த நல்ல நிலத்துல பாதியை நான் விடணும். ரெண்டும் வலிக்கும்.

சம்மதம்னா சர்வேயரைக் கூப்பிடு. இல்லைன்னா எழுத வேண்டாம்.

தங்கை


நவம்பர் 27

தங்கச்சிக்கு,

பத்திர ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு ஒரு டீ கூடக் குடிக்காம பஸ் ஏறிட்டே. கல்லு நடறதையாவது பார்த்துட்டுப் போவேன்னு நினைச்சேன். அதனால எழுதறேன்.

சர்வேயர் திங்கக்கிழமை வந்தார். மேல்வயல்ல கோடு இழுக்கும்போது நான் கூடவே நடந்தேன். கிணறு உன் பக்கம் போகுமோன்னு பயம். ரெண்டு முழத்துல என் பக்கம் தங்கிடுச்சு. நிம்மதியா மூச்சு விட்டேன், உடனே என் மேலயே எனக்குக் கோவம் வந்துச்சு. கிணத்துத் தண்ணி ரெண்டு பக்கத்துக்கும்னு அங்கேயே எழுதிக் குடுத்துட்டேன். சர்வேயர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கார். காப்பி இதோட வெச்சிருக்கேன்.

உன் அண்ணி பத்திரம் ஆனதுல இருந்து என்கூடப் பேசல. மானியம் போன கோவம் வேற. கல்லு நட்ட அன்னைக்குச் சாப்பாடு போடும்போதுதான் வாயைத் திறந்தா. "அன்னைக்கே மாமா சொன்ன மாதிரி எழுதியிருந்தா, வடிகால் வெட்ட அவளும் ஒரு கை குடுத்திருப்பா. நான் ஒருத்தியே மண்ணு சுமந்தேன்"னா. நான் குனிஞ்சு சாப்பிட்டேன்.

கீழ்வயல்ல கால் வைக்க மாட்டேன்னு எழுதினவன், இந்தப் பருவத்துக்கும் நானே விதைச்சேன், முழங்கால் உயரம் வந்திருக்கு. கோடு பயிருக்குள்ள வந்ததால நடுவுல ஒரு வரிசையைப் பிடுங்க வேண்டியிருந்துச்சு. ஆளை விடல, நானே பிடுங்கினேன். அஞ்சு இடத்துல கல்லு நட்டு வெள்ளை அடிச்சாச்சு. ஓடைப் பக்கம் என்னுது, வாய்க்கால் பக்கம் உன்னுது. வாய்க்கால் பக்கம்தான் நல்ல பக்கம், தண்ணி முதல்ல அங்கதான் பாயும். சீட்டுப் போட்டுத்தான் விழுந்துச்சு, நான் ஒண்ணும் சொல்லல.

சாயங்காலம் தனியாப் போய் வரப்புல நின்னு பார்த்தேன். உன் பக்கம் பயிர் என் பக்கத்தை விட ஒசரமாத் தெரிஞ்சுது. ஒரே விதை, ஒரே நாள் போட்டது, ஒரே தண்ணி. இருந்தும் ஒசரம். மனசு கேக்கல. உள்ள இறங்கிப் போய் இந்தப் பக்கம் பத்து செடி, அந்தப் பக்கம் பத்து செடி சாண் போட்டு அளந்து பார்த்தேன். எல்லாம் ஒண்ணுதான். திரும்ப வரப்புல ஏறி நின்னா மறுபடியும் உன் பக்கந்தான் ஒசரமா இருக்கு.

இருட்டுற வரைக்கும் நின்னேன். அது மாறல.

அடுத்த வாரம் களை எடுக்கணும். உன் பக்கத்துல இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன். ஏன்னு கேக்காதே.

அண்ணன்